பசுவின் தோடு

“காது எங்கே?” என்று கேட்டார் இன்சூரன்ஸ் அதிகாரி.

எங்கள் பசு இறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. காரைக்கால் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு அப்பா, அம்மா, மகள் நான் என்று மூவரும் போயிருந்தோம். அம்மா செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அவர் யாருடைய காதைக் கேட்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகவே விளக்கினார். இன்சூரன்ஸ் செய்த மாடு இறந்தால், தகடு குத்தியிருக்கும் காதை அறுத்து, தகட்டோடு கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கெட்டுப்போகாமல் இருக்க உப்புத் தடவிக் கொண்டுவருகிறவர்களும் உண்டாம். அப்படிப்பட்டவர்கள்மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது பேச்சில் தெரிந்தது.

“செத்ததோட காத அறுக்கறதா?” என்று அம்மா வாயில் கைவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “இதெல்லாமா அச்சடிச்சு வச்சிருக்காங்க?”

அச்சடித்துத்தான் வைத்திருந்தார்கள். அதிகாரி மேசையில் இருந்த ஆங்கிலத் தாளை என் பக்கம் தள்ளினார். நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கும் போய் பி.ஏ. முடித்து, அப்போது டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு இருந்த பெருமையை நான் எப்போதும் மறைத்ததில்லை. எங்கள் தெருவில் ரேஷன் கார்டிலிருந்து கோர்ட்டு சம்மன் வரை எந்தத் தாள் வந்தாலும் என் கைக்கு வந்துவிட்டுத்தான் உரியவர் கைக்குப் போகும். அப்படிப்பட்ட எனக்கு அந்த வரியில் ஒரு சந்தேகமும் வரவில்லை. தகடு ஒப்படைக்கப்பட்டால் அன்றி இழப்பீடு கிடையாது. ஒரே வரி, அடக்கமான வரி.

“தகடு இல்லாட்டி ஒண்ணும் கெடையாதுப்பா” என்றேன். “தெளிவா போட்டிருக்கு.”

அப்பா அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். விஷயம் தெரியாமல் பேசுகிறவரிடம் சிரிக்கிற சிரிப்பு. “தகடு ஆத்துல கெடக்குங்க. நான்தான் கழட்டி உட்டேன்” என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார்.

அந்தப் பசு பாங்குக் கடனில் வந்தது. கலப்பினம், செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளை. கடன் கொடுத்த அன்றே இன்சூரன்ஸ் செய்து, காதில் பித்தளைத் தகடு ஒன்றைக் குத்திவிட்டார்கள். “எங் காதுல ஈர்க்குச்சி, இவளுக்குப் பித்தளைத் தோடு” என்று அம்மா பால் கறக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவாள். அப்பாவைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்பது பசுவுக்கே தெரிந்திருக்கும். இரண்டாம் ஈற்றில் கன்று தக்கவில்லை. மறுநாள் பசுவும் படுத்துவிட்டது. மாலையில் வந்த கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். நேரம் கடந்துவிட்டது, விடிவதே கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். விடியும்போது பசு இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இறந்த மாட்டை எந்தக் கட்டும் இல்லாமல்தான் மண்ணுக்கு அனுப்புவோம். கட்டோடு போனால் கட்டோடுதான் மறுபடி பிறக்கும் என்பார்கள். கழுத்துக் கயிற்றையும் மணியையும் அவிழ்த்து அரசலாற்றில் விட்டுவிட வேண்டும். அப்பா கயிற்றை அவிழ்த்தார். மணியை அவிழ்த்தார். பிறகு காதைத் தொட்டுப் பார்த்து, பக்கத்து வீட்டில் குறடு வாங்கி வந்து, ஒரு சொட்டு ரத்தம் வராமல் தகட்டையும் கழற்றினார். வெயில் ஏறுவதற்குள் கொல்லையில் புதைத்தாகிவிட்டது. மருத்துவர் மறுபடி வந்தபோது மேடுதான் இருந்தது. பாங்கு வைத்த தகடு என்பது எங்களில் யாருக்கும் அப்போது நினைவில் இல்லை. அதுவும் ஒரு கட்டு, அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. தகடு ஒப்படைக்கப்படவில்லை, ஆகவே தொகை இல்லை என்று ஒற்றை வாக்கியம். அதற்குப் பிறகு பாங்கிலிருந்து நோட்டீஸ் வர ஆரம்பித்தது. அம்மாதான் தலத்தெருவில் இருந்த ஒரு வக்கீலை விசாரித்து எங்களை இழுத்துக்கொண்டு போனாள். ஊரில் யாரும் மாட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போனதில்லை. வக்கீல் வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வக்கீல் பருத்த மனிதர். பேசுவதற்கு முன்னால் ஒரு முறை, பேசிய பிறகு ஒரு முறை பொடி போடுகிறவர். அந்த ஆங்கிலத் தாளை அவர் படித்துக்கொண்டே இருந்தார். ஒரு வரிக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், தெளிவாத்தான இருக்கு” என்றேன்.

“பி.ஏ.வா?”

“ஆமா சார்.”

“அதான்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு அப்பாவிடம் திரும்பினார். “இஞ்ச பாருங்க. மாடு வலியில பொரண்டுது. பொரண்டதுல தகடு எங்கயோ விழுந்துட்டுது. தேடினீங்க, கெடைக்கல. இதச் சொன்னா போதும்.”

“விழலங்களே” என்றார் அப்பா. “நான்தான் குறடு வச்சுக் கழட்டுனேன்.”

“அது எனக்குத் தெரியும். கோர்ட்டுல விழுந்துதுன்னு சொல்லுங்கங்கிறேன்.”

“அது எப்புடிங்க விழும்? மாடு எத்தன தடவ தலைய ஒதறுனாலும் விழாது, அப்புடி அடிச்சிருந்தாங்க.” வக்கீல் இன்னும் விஷயத்தைப் பிடிக்கவில்லையே என்கிற கவலை அப்பாவின் குரலில் இருந்தது. “கழட்டாம எப்புடிங்க பொதைக்கிறது?”

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அம்மா, “அவரு சொல்ல மாட்டாருங்க. வேற வழி இருந்தா பாருங்க” என்றாள். வக்கீல் பொடி போட்டுக்கொண்டு, கம்பெனியையும் பாங்கையும் பிரதிவாதிகளாகச் சேர்த்து வழக்குப் போட்டார்.

வழக்கு காரைக்கால் கோர்ட்டில் இழுத்துக்கொண்டே போனது. அப்பாவைக் கூண்டில் ஏற்றிய நாள்தான் என்னைவிட்டு இன்றுவரை போகாத நாள்.

கம்பெனி வக்கீல் இளைஞர். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“தகட்டைக் கழட்டினது நீங்கதான?”

“ஆமாங்க.”

“உயிரோட இருக்கும்போதா?”

“செத்ததுக்கப்புறந்தாங்க.”

“அப்ப யாரு இருந்தாங்க? டாக்டர் இருந்தாரா?”

“இல்லீங்க. வீட்டாளுங்கதான்.”

“தகடு இல்லாத மாட்ட சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போனா யாருக்கும் அடையாளம் தெரியாது. சரிதான?”

“எந்தச் சந்தைக்குங்க?”

“கேரளாவுக்கு லாரி ஏத்துற சந்தைக்கு.”

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் அம்மா, “என்னா கேக்குறாரு? என்னா கேக்குறாரு?” என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

“மாடு சாகவே இல்ல. தகட்டக் கழட்டிட்டு அடிமாட்டுக்கு வித்துட்டீங்க. இன்சூரன்ஸ் பணத்தையும் வாங்கலாம்னு பாக்குறீங்க. அப்படின்னு நான் சொல்றேன்.”

அப்பா அவரைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்தார். “ஐயா, இவரு என்ன சொல்றாரு?”

“இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க” என்றார் நீதிபதி.

“இல்லைன்னு மட்டும் சொன்னா போதுங்களா?”

“போதும்.”

“இல்லீங்க.” அப்பா நீதிபதி பக்கம் இன்னும் சாய்ந்தார். “கொல்லையிலதான் கெடக்கு. வந்து தோண்டிப் பாருங்க ஐயா. எலும்பு எங்கயும் போயிடல.”

அந்தக் கடைசிப் பேச்சு எழுதப்படவில்லை. மறுத்தார் என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். ஒரு மனிதன் தன் வீட்டில் வளர்ந்ததைக் கசாப்புக்கு விற்றான் என்று சபையில் சொல்லலாம்; அதற்கு அவன் தரும் பதில் ஒரு சொல்லில் முடிந்துவிடும். அந்தக் கம்பெனி வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை அதிகமாகத் திகைக்க வைத்தது.

நாங்கள் பஸ் ஏறி வீடு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. எங்கள் தெரு முக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் அப்பாவுக்குத் தம்பி முறை வேண்டும். வாய்த்துடுக்கு. மறுநாள் காலையில் அப்பா கடையில் உட்கார்ந்ததும், “என்னாண்ணே, கறி என்னா வெலைக்குப் போச்சு?” என்றிருக்கிறார். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். “காசு என்னாச்சுங்குற? மவ டைப்படிக்கிறால்ல, அதான்” என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். அப்பா டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். இதை அப்பா சொல்லவில்லை, அங்கே பால் வாங்கப் போன அம்மாதான் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். நான் அன்று டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகவில்லை. மறுநாள் அம்மாவே சைக்கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, “போறியா, இல்ல அவன் சொன்னதுதான் நெசம்னு ஆக்கப்போறியா?” என்றாள். போனேன்.

அதிலிருந்து வீட்டில் வழக்கு இரண்டாகிவிட்டது. அம்மாவுக்குக் கடன் தீர வேண்டும். அப்பாவுக்குக் கடன் மறந்தே போய்விட்டது. நீ விற்கவில்லை என்று கோர்ட்டு சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் கேட்டது அதை மட்டும்தான்: “இன்னிக்குச் சொல்லிடுவாங்களா?” டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

கால்நடை மருத்துவர் வந்து சாட்சி சொன்னார். அந்தப் பசுவுக்கு ஊசி போட்டது தான்தான் என்றும், பிழைக்காது என்று சொன்னதும் உண்மைதான் என்றும் சொன்னார். தகட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, பசு உயிருக்குப் போராடும்போது நான் காதைப் பார்ப்பேனா என்று அவர் எரிந்து விழுந்தார். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்தது.

வாதம் நடந்த நாளில் நான் மட்டும்தான் போயிருந்தேன். அறுப்புக் காலம், அப்பாவுக்கு வேலை. எனக்கு அன்றைக்கு நடந்தது இப்போதும் நம்ப முடியாதது. பெரியவர்கள் மூன்று பேர், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நான் ஒரு மூச்சில் படித்து முடித்த அந்த ஒரே வரியைப் பகல் சாப்பாட்டு நேரம் வரை பேசினார்கள்.

கம்பெனி வக்கீல் நான் படித்தது போலவே படித்தார். தகடு இல்லை, ஆகவே தொகை இல்லை. இதில் அர்த்தம் தேட என்ன இருக்கிறது என்றார். நான் மனதுக்குள் அவரோடு தலையாட்டியதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. எங்கள் வக்கீல் எழுந்து, அடுத்த பக்கத்தில் இருந்த இன்னொரு நிபந்தனையைப் படித்தார். தகடு தானாக விழுந்துவிட்டால் கம்பெனிக்குத் தெரிவித்துப் புதுத் தகடு போட்டுக்கொள்ள வேண்டும் என்று அங்கே இருந்தது. அந்தப் பக்கத்தை நான் அன்றைக்குப் புரட்டவே இல்லை.

நீதிபதி கம்பெனி வக்கீலைக் கேட்டார்: “காலையில தகடு விழுந்துடுது. உங்களுக்குச் சொல்ல ஆள் அனுப்புறாங்க. ஆள் வர்றதுக்குள்ள மாடு செத்துடுது. பணம் கொடுப்பீங்களா?”

அவர் யோசித்தார். “அது இன்ன மாடுதான்னு வேற விதத்துல நிரூபிச்சா கொடுப்போம், யுவர் ஆனர்.”

“அப்ப உங்களுக்கு வேண்டியது தகடா, இன்ன மாடுன்னு தெரியறதா?”

எங்கள் வக்கீல் பொடி டப்பாவை எடுத்து, இடம் நினைவுக்கு வந்து, திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நீதிபதி மேலும் கேட்டார். இந்தத் தாளை எழுதியது யார்? கம்பெனி. கடன் வாங்கியவருக்கு இதன் நகல் கொடுத்தீர்களா? பாங்குக்குக் கொடுத்தோம். அவருக்குத் தமிழில் சொன்னீர்களா? கம்பெனி வக்கீல் கட்டைப் புரட்டத் தொடங்கினார். எழுதினவர் ஒருவர், எழுத்தறியாதவர் ஒருவர் என்று இருக்கும்போது, இரண்டு விதமாகப் பொருள்கொள்ள இடம் உள்ள நிபந்தனையை எழுதினவருக்கு எதிராகத்தான் படிக்க வேண்டும் என்று எங்கள் வக்கீல் சொன்னார். பழைய தீர்ப்புகளைக் காட்டினார். எனக்குத் தலை சுற்றியது. பதினைந்து வருஷம் படித்து, எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே படிப்பதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன். எதற்காக எழுதினாய் என்று ஒரு வரியைக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. நீதிபதி கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். கம்பெனி பாங்குக்குத் தொகையைக் கட்ட வேண்டும். பாங்கு எங்கள் கடனை முடிக்க வேண்டும். அம்மா கோர்ட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா வக்கீலின் பின்னாலேயே போய், “வித்தன்னு சொன்னாரே, அதுக்கு என்னங்க சொன்னாரு?” என்று கேட்டார். “நகல் வரட்டும்” என்றார் வக்கீல்.

நகல் வந்தது. தலத்தெருவில், வக்கீல் வீட்டில் வைத்தே நான் அதைப் படித்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அந்த ஒரு வரிக்காகப் பக்கம் பக்கமாக இருந்தது. தகடு என்பது அடையாளத்துக்கான சாட்சி, இழப்பீட்டுக்கான விலை அல்ல என்று இருந்தது. மருத்துவர் சாட்சியைப் புகழ்ந்தும் எழுதியிருந்தது. அப்பா அவசரப்பட்டார். “அந்த எடம், அந்த எடம்” என்றார்.

அந்த இடம் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. பசு விற்கப்பட்டது என்று வாதத்தின்போது சொல்லப்பட்டது. ஆனால் கம்பெனி தன் கடிதத்திலோ எதிர்வழக்குரையிலோ அப்படி எழுதவில்லை. பசு இறந்ததையும் மறுத்து எழுதவில்லை. எழுதாததை இப்போது எழுப்ப முடியாது. ஆகவே அந்தக் கேள்விக்குள் இந்த நீதிமன்றம் செல்லவில்லை.

நான் அதை மறுபடி படித்தேன். மூன்றாம் தடவையும் படித்தேன். இந்த முறை அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை.

“என்னம்மா போட்டிருக்கு?”

“அதப்பத்திப் பேசலப்பா. கம்பெனிக்காரங்க அத எழுதிக் குடுக்கல. அதனால கோர்ட்டு அதுக்குள்ள போவல.”

“அவ்வளவு பேருக்கு நடுவுல சொன்னானே.”

“சொன்னாங்க. எழுதல.”

அப்பா வக்கீலைப் பார்த்தார். “இதுக்கு மேல எங்கங்க போவணும்? அப்பீலு இருக்குங்கிறாங்களே.”

வக்கீல் முதலில் சிரித்தார். அப்பா விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். “நீங்க ஜெயிச்சிருக்கீங்க. ஜெயிச்சவரு அப்பீல் பண்ண முடியாது.”

“ஜெயிச்சது மாடுங்க” என்றார் அப்பா. “என்னப் பத்தி ஒண்ணுமே இல்லியே.”

வக்கீல் தாளை மடித்து எங்களிடம் கொடுத்தார். எனக்குக் கோர்ட்டின்மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஒரு வரியை இவ்வளவு கருணையோடு படிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு வார்த்தை கூட எழுதத் தோன்றவில்லையே என்று திகைத்துப்போய் நின்றேன். இப்போது யோசித்தால் அவர்கள் வேலை அதோடு முடிந்தது என்பது புரிகிறது. அன்று புரியவில்லை. புரிந்திருந்தாலும் அப்பாவிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊரான கோவில்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா வயல் வழியாகத் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் நேரே முக்கத்தை நோக்கி நடந்தார். டீக்கடையில் சாயங்காலக் கூட்டம். அவரை அங்கே கண்டு மாதங்கள் ஆகியிருந்ததால் பேச்சு தானாக நின்றது.

“வாங்கண்ணே” என்றார் கடைக்காரர். “கேஸு ஜெயிச்சிட்டீங்களாமே. டீ போடவா?”

“போடாத. மொதல்ல கேளு.” அப்பா என் பக்கம் திரும்பினார். “அந்த எடத்தப் படிம்மா.”

“எந்த எடம்பா? ஜெயிச்ச எடமா?”

“வித்தன்னு சொன்ன எடம். எழுதியிருக்கற மாதிரியே படி.”

அங்கே இருந்தவர்களில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் எதைச் சொன்னாலும் அதுதான் தீர்ப்பு. ஆனால் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே தமிழில் சொன்னேன். நான் முடித்ததும் பெஞ்சில் இருந்த ஒருவர், “அப்ப வித்தாரா இல்லியான்னு கோர்ட்டு சொல்லலியா?” என்று கேட்டார்.

“சொல்லல” என்றார் அப்பா. நான் அதிர்ந்துபோனேன். இதை மறைக்கத்தான் எந்த மனிதரும் பார்ப்பார்.

அவர் கடைக்காரரின் பக்கம் ஓர் அடி போனார். “கோர்ட்டு சொல்லாது. அதுக்கு எழுதிக் குடுத்திருக்கணுமாம். இஞ்ச யாரும் எழுதல, நீ வாயாலதான் கேட்ட. வெலை கேட்ட. நீ பொறந்ததுலேருந்து என்னப் பாக்குற. எங் கொல்லையில அந்த மேட்டையும் பாத்த. நீ சொல்லு. வித்தனா?”

கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். “என்னாண்ணே, வெளையாட்டுக்கு ஒரு வார்த்த...”

“வித்தனா?”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் இறக்கவில்லை. அன்றைக்குக் காசைப் பற்றிப் பேசியவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து குனிந்துகொண்டார்.

“இல்லண்ணே” என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பா உட்காரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்களைக் கையால் காட்டினார்.

“அவங்களுக்குக் கேக்கல” என்றார்.